மகிழுந்தின் அருகே நிற்பவளுக்கு ஒரு வினைச்சொல் இல்லையா?



படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதுவது நம் தமிழ்ப்பள்ளிகளில் காலங்காலமாக நடந்துவரும் பயிற்சி. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் இந்தப் பயிற்சி வகுப்பறையைவிட்டுப் போகவில்லை, போகவும் கூடாது. ஒரு சந்தைப் படத்தைக் கொடுத்தால் போதும். மீன்காரர் மீனை வெட்டுகிறார், மூதாட்டி காய்கறியைப் பேரம் பேசுகிறார், சிறுவன் பையைச் சுமக்கிறான் என்று மாணவர்கள் எழுதித் தள்ளிவிடுவார்கள். எழுவாய் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பயனிலை வேண்டும் என்பதை அவர்களுக்கு இலக்கணமாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. படத்தில் உள்ள மனிதர் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருப்பார் என்று குழந்தை மனம் இயல்பாகவே எதிர்பார்க்கிறது.

இப்பொழுது வேறொரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தம்புது மகிழுந்து ஒன்று. அதன் முன்மூடியில் ஒரு கையை ஊன்றியபடி ஓர் இளம்பெண். இந்தப் படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? மகிழுந்தைப் பற்றி எழுதிக்கொண்டே போகலாம். அதற்குப் பெயர் உண்டு. இயந்திரக் கொள்ளளவு உண்டு. வண்ணத்திற்குக்கூடத் தனிப்பெயர் உண்டு. மாதத் தவணை எத்தனை ரிங்கிட் என்று கண்ணாடியிலேயே ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி? நிற்கிறாள். சாய்ந்திருக்கிறாள். சிரிக்கிறாள். நான்காவது வாக்கியத்துக்கு எழுதுகோல் நகராது. அவளுக்குப் பெயரில்லை. அவளுக்கும் அந்த மகிழுந்துக்கும் என்ன தொடர்பு என்று படம் சொல்வதில்லை. கதவைத் திறக்க அவளிடம் சாவி இருக்கிறதா என்பதுகூட நமக்குத் தெரியாது.

இந்த விளம்பர அழகிப் படங்களைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தேன். "ஆசிரியருக்கு இது எதற்கு? மகிழுந்து விற்பவர் எப்படி விற்றால் உங்களுக்கென்ன?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். காரணம் இருக்கிறது.

ரஹாங் வட்டாரத்தில் பெருநாள் காலத்துச் சந்தை ஒன்றில் மகிழுந்து விற்பனையாளர் ஒருவர் கூடாரம் போட்டிருந்தார். பெயர் வேண்டாம்; அவரைப்போல் நூறு பேர் இருக்கிறார்கள். இரண்டு மகிழுந்துகள், இரண்டு விளம்பர அழகிகள். கூடவே ஒரு நிழற்படப் போட்டி. மகிழுந்தையும் அழகியையும் சேர்த்துப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் பதிவேற்ற வேண்டும். சிறந்த படத்திற்குப் பரிசு. வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். நம் பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பையன்கள் நால்வர் கைத்தொலைபேசியுடன் நின்றார்கள். என்னைக் கண்டதும் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இருவர் வணக்கம் சொன்னார்கள். அதுகூடப் பெரிதன்று. ஒரு தந்தை தம் மகனை, எட்டு வயதிருக்கும், மகிழுந்தின் பக்கம் தள்ளி, "அக்கா பக்கத்துல போய் நில்லுடா, அப்பா படம் எடுக்கிறேன்" என்றார். பையன் கூச்சத்துடன் திரும்பி, "அந்த அக்கா யாருப்பா?" என்று கேட்டான். தந்தை சொன்ன விடை இது: "தெரியலடா, காடிகூட வந்தவங்க."

வகுப்பில் மகிழுந்து என்போம், வீட்டில் காடி என்போம். எப்படிச் சொன்னாலும் 'காடிகூட வந்தவங்க' என்ற அந்தச் சொற்றொடரை என்னால் மறக்க முடியவில்லை. மகிழுந்து வாங்கினால் கூட வருபவை என்ன என்று நமக்குத் தெரியும். கால்விரிப்பு வரும், கண்ணாடிக்குக் கறுப்புப்படலம் வரும், சில வேளைகளில் குடையும் வரும். அந்தப் பட்டியலில் ஒரு மனிதப் பிறவியைச் சேர்த்து எட்டு வயது மகனுக்குத் தந்தை விளக்குகிறார். அவர் கெட்டவரல்லர். படம் சொன்னதைத்தான் அவர் படித்துச் சொன்னார். சரியாகவே படித்தார் என்பதுதான் என் கவலை.

இனி வழக்கமான வாதத்திற்கு வருகிறேன். அந்தச் சந்தையிலேயே அது தொடங்கிவிட்டது. முதல் நாள் அந்தப் பெண்கள் அணிந்திருந்த பாவாடை குட்டையாக இருந்ததாம். பண்பாட்டுக் காவலர்கள் சிலர் முறையிட்டிருக்கிறார்கள். மறுநாள் இருவரும் சேலை கட்டி, பூச்சூடி, அதே மகிழுந்தில் அதே இடத்தில் அதே கையை ஊன்றி நின்றார்கள். முறையிட்டவர்கள் மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்கள். சிலர் தாங்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதைவிட வேடிக்கை வேறில்லை. சிக்கல் துணியின் நீளத்தில் இருந்திருந்தால் ஆறுகெசச் சேலை அதைத் தீர்த்திருக்கும். சேலை கட்டியும் அவள் நின்றுகொண்டுதானே இருந்தாள்? 'யாருப்பா' என்று அந்தச் சிறுவன் மறுநாள் கேட்டிருந்தாலும் தந்தையின் விடை மாறியிருக்காது. நம் நாட்டு விளம்பர நெறிமுறைகளில் பெண்ணைக் காட்டும் முறைபற்றிய கட்டுப்பாடுகள் நெடுங்காலமாகவே உள்ளன. ஆனால் நாம் அவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அளவுநாடாவோடுதான் பேசுகிறோம்.

அந்தப் பெண்களைத் திட்டவும் நான் வரவில்லை. உயர்ந்த குதிகால் காலணியோடு ஒரு நாள் முழுக்க நின்று, நூறு அந்நியர்களின் கைத்தொலைபேசிக்கு முன் சிரித்துக்கொண்டே இருப்பது உழைப்பு இல்லையென்று சொல்பவர், ஒரு நாள் பள்ளிச் சபைகூடலில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்று பார்க்கட்டும். அது அவர்களின் பிழைப்பு. 2015இல் ஷாங்ஹாய் மகிழுந்துக் கண்காட்சியில் விளம்பர அழகிகளே கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் தடை விதித்தார்கள். அப்பொழுது வேலையிழந்த பெண்கள் சிலர் பிச்சைக்காரர்களைப்போல் கிழிந்த உடையணிந்து அந்நகர வீதிக்கு வந்து தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். அந்தச் செய்தியை நான் மறப்பதில்லை. அவர்களை அங்கே நிறுத்திவைத்த நிறுவனங்களுக்கு ஒரு காசும் நட்டமில்லை. நின்றவர்களுக்கு மட்டுந்தான் நட்டம். ஒழுக்கத்தின் பெயரால் செய்யப்படும் தூய்மைப்பணி பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. கூலி வாங்கியவர் தெருவுக்கு வருவார், கூலி கொடுத்தவர் கண்ணியவான் ஆகிவிடுவார்.

நமக்கு மிக அருகிலும் ஒரு சான்று உண்டு. சிரம்பானிலிருந்து செப்பாங் பந்தயத்தளம் அப்படியொன்றும் தொலைவில்லை. 1999 முதல் 2017 வரை அங்கே பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. ஓட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மகிழுந்தின் முன்னாலும் ஓட்டுநரின் பெயர்ப்பலகையைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்பது அந்தப் பந்தயத்தின் நெடுநாள் வழக்கம். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: அவள் கையில் பெயர் உண்டு, ஆனால் அது அவள் பெயரன்று! 2018 சனவரியில் அவ்வமைப்பு இந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. உலகத் தாங்குதிறன் பந்தயத் தொடர் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2015இல், கைவிட்டிருந்தது. பார்முலா ஒன் அந்தப் பெண்களுக்கு மாற்றாக யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? குழந்தைகளை. சிறுவர் பந்தயங்களில் ஓட்டிப் பழகும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தாங்கள் வியக்கும் ஓட்டுநர்களுக்கு அருகே நிற்க வைத்தார்கள். வேலை போன பெண்கள் சிலர் அப்பொழுதும் வருந்திப் பேசினார்கள், அவர்களின் வருத்தம் பொய்யன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளை அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: நாளைக்கு அதே இருக்கையில் அமரவேண்டும் என்ற கனவு. படத்தைப் பார்த்து நான்காவது வாக்கியம் எழுதிவிடலாம்.

இப்படிப் படம் எடுப்பதால் உண்மையிலேயே மகிழுந்து விற்கிறதா? 1968இல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மகிழுந்தின் விளம்பரத்தை இருவகையாகக் காட்டினார்கள். ஒன்றில் மகிழுந்து மட்டும். மற்றொன்றில் அழகிய பெண்ணும் உடன். பெண்ணோடு கூடிய படத்தைப் பார்த்தவர்கள் அந்த மகிழுந்து விரைவாக ஓடும், விலை கூடியது, வடிவமைப்பு சிறந்தது என்றெல்லாம் மதிப்பிட்டார்கள். பின்னர் அந்தப் பெண் உங்கள் மதிப்பீட்டைப் பாதித்தாளா என்று கேட்டபோது, இல்லவே இல்லை என்று மறுத்தார்கள். இயந்திரத்தில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. பார்ப்பவர் கண்ணில் வேகம் கூடிவிட்டது! நம் இளைஞர்கள் ஒன்பதாண்டுத் தவணையில் மாட்டிக்கொண்டு திண்டாடுவதைப் பார்க்கும் பெற்றோருக்கு இது வெறும் உளவியல் செய்தியன்று. "நான் எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் வாங்கினேன்" என்று மகன் சொல்லும்போது அவன் பொய் சொல்வதில்லை. தனக்கு என்ன நடந்தது என்பது அவனுக்கே தெரியாது.

நிழற்படக் கலைஞர்கள் சார்பாகவும் ஒரு வார்த்தை. என் உறவினர் ஒருவர் திருமணப் படங்கள் எடுப்பவர். அவரிடம் இதுபற்றி வாதிட்டிருக்கிறேன். மகிழுந்தைப் படமெடுப்பது கடினம் என்பார் அவர். அது நான்கு சக்கரத்தின்மேல் நிற்கும் கண்ணாடி. வானம், விளக்குக்கம்பம், எதிர்க்கடையின் பெயர்ப்பலகை எல்லாம் அதன் உடம்பில் தெரியும். கவனக்குறைவாக இருந்தால் படம் எடுப்பவரே கதவில் தெரிவார். பொருளின் அளவை விளங்கவைக்கவும் ஓர் ஆள் வேண்டும். வெட்டவெளியில் தனியே நிற்கும் மகிழுந்து பெரியதா சிறியதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. பக்கத்தில் ஒரு மனிதர் நின்றால் உடனே பிடிபட்டுவிடும். இவை எல்லாம் நியாயமான காரணங்கள். மறுக்கவில்லை. ஆனால் அளவு காட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆள் பட்டறைக்காரராக இருக்கலாமே? இரவுப்பணிக்குப் போகும் தாதியாக இருக்கலாமே? சக்கரம் மாற்றிக்கொண்டிருக்கும் தாத்தாவாக இருக்கக் கூடாதா? அடிக்கோலின் வேலையை ஒரு பெண்ணின் இடுப்புதான் செய்யவேண்டும் என்று எந்த ஒளியியல் நூலில் எழுதியிருக்கிறது?

வரலாற்றைப் புரட்டினால் இன்னும் வியப்பாக இருக்கிறது. பெண் முதலில் மகிழுந்துக்கு வெளியே நின்றவளே அல்லள்; உள்ளே இருந்தவள். 1888 ஆகத்தில், செர்மனியில் பெர்த்தா பென்சு அம்மையார், கணவர் கார்ல் பென்சிடம் சொல்லாமல், தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்கைமிலிருந்து போர்சைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்தப் புதிய வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். நிறுத்துகட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதில் தோல் அடிக்கச் செய்தார். திருமணத்திற்கு முன்பே தம் சீர்ப்பணத்தைக் கணவரின் தொழிலில் போட்டவரும் அவரே. அந்தப் பயணத்திற்குப் பிறகுதான் அந்த வண்டியை ஊரார் பொருட்படுத்தத் தொடங்கினார்கள். முதலீடு செய்தவரும், நீண்டதூரம் ஓட்டிக் காட்டியவரும், பழுது பார்த்தவரும் ஒரு பெண். எத்தனை வினைச்சொற்கள் பாருங்கள்!

1923இல் அமெரிக்காவில் ஜோர்டன் என்னும் நிறுவனம் வெளியிட்டுப் புகழ்பெற்ற விளம்பரத்தில், குதிரைவீரனோடு போட்டியிட்டுச் சீறிச் செல்லும் மகிழுந்தை ஓட்டுபவள் ஒரு பெண். 1929இல் தமாரா டி லெம்பிக்கா என்னும் ஓவியர், பச்சை நிறப் புகாட்டி வண்டியின் சுக்கானைப் பிடித்தபடி தம்மையே வரைந்தார்; ஒரு செர்மன் பெண்கள் இதழின் அட்டைக்காக வரைந்த ஓவியம் அது. உண்மையில் அவரிடம் இருந்தது சின்ன மஞ்சள் ரெனோல்ட் என்பார்கள். அதனாலென்ன? வண்டி பொய்யாக இருந்தாலும் சுக்கானில் இருந்த கை மெய். பிறகு எங்கேயோ வழியில் அவளை வெளியே இறக்கிவிட்டார்கள். 1971இல் இலண்டன் ஏல்சுகோட் கண்காட்சியில் டிவிஆர் என்னும் சிறு நிறுவனம் ஆடையற்ற பெண்களைத் தன் மகிழுந்துகளோடு நிறுத்திப் படக்காரர்களைக் குவித்தது. ஓட்டியவள் இறங்கினாள், நின்றாள், பிறகு ஆடையும் போயிற்று. எண்பது ஆண்டுகளில் இவ்வளவு முன்னேற்றம்!

நம் கதைக்கு வருவோம். இதை நெகிரி செம்பிலானில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்கு எனக்குத் தனிக்காரணம் உண்டு. 1908இல் அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தின் டி வகை மகிழுந்து வெளிவந்தது. சில ஆண்டுகளில் உலகெங்கும் சக்கரத்துக்கு இரப்பர் வேண்டியதாயிற்று. 1910இல் இரப்பர் விலை விண்ணை முட்டியது. லாபு, லின்சம், சுவா பெத்தோங் என்று நாம் இன்று பள்ளிப் பெயர்களாகச் சொல்லும் இடங்களெல்லாம் அந்தப் பசிக்குப் பால் கொடுத்த தோட்டங்கள். அந்தப் பாலை எடுத்தவர்களில் பலர் நம் பாட்டிமார். கோழி கூவுமுன் எழுந்து, தலையில் விளக்குக் கட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போனவர்கள். உலகத்தின் மகிழுந்துகள் ஓடியது அவர்களின் உளிக்கத்தியால். அவர்களில் ஒருத்தியையாவது யாராவது மகிழுந்தோடு சேர்த்துப் படமெடுத்தார்களா? சக்கரத்தைத் தந்தவளுக்குப் படத்தில் இடமில்லை; சக்கரத்தோடு எத்தொடர்பும் இல்லாதவளை நிறுத்திப் படமெடுக்கிறோம்.

இன்னொன்றும் சொல்வேன், சிலருக்கு வலிக்கும். தோட்டத்தில் மகிழுந்து என்றால் அது துரையின் மகிழுந்து. நம்மவர் அதைக் கழுவினார்கள், துடைத்தார்கள், சிலர் ஓட்டினார்கள், கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்கள். துரைமார் எடுத்துக்கொண்ட பழைய படங்களில் ஓரத்தில் நிற்கும் கறுத்த மனிதருக்குக் கீழே பெயர் இருக்காது. துரையின் பெயர் இருக்கும், சில வேளைகளில் துரையின் நாயின் பெயர்கூட இருக்கும். தமக்கு உரிமையில்லாத ஒரு பொருளின் பக்கத்தில், அந்தப் பொருளின் பெருமையைக் கூட்டுவதற்காக, பெயரில்லாமல் நிற்பது என்றால் என்ன என்பதை உலகில் யாருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பேரனின் பேரன் இன்று கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு "அக்கா, கொஞ்சம் சாய்ஞ்சு நில்லுங்க" என்கிறான். இதுவும் இந்த மாநிலத்திலா? இங்குள்ள மலாய்ச் சமூகத்தின் அடாட் பெர்ப்பாத்தே மரபில் குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பெண்ணுக்கு நிலம் கொடுத்த மண்ணில் அவளுக்கு ஒரு சாவி கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

உண்மையில் சாவி எப்போதோ அவள் கைக்கு வந்துவிட்டது. படத்தில்தான் இன்னும் வரவில்லை. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. விலை குறைவு, உருவம் சிறிது. எத்தனை தமிழ்ப்பெண்கள் அந்தச் சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், படிக்கப் போனார்கள், பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்று நம் தலைமுறைக்குத் தெரியும். 2005இல் மைவி வந்தபின் சொல்லவே வேண்டாம். ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியின் நிறுத்துமிடத்தைப் போய்ப் பாருங்கள். ஆசிரியைகளின் மகிழுந்துகள்தான் வரிசையாக நிற்கும். இத்தனைக்குப் பிறகும் புதுவண்டிப் பூசைப் படத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கோயில் வாசல், சக்கரத்துக்கடியில் எலுமிச்சை, கண்ணாடியில் சந்தனம். கடன் மனைவியின் பெயரில். தவணை மனைவியின் சம்பளத்தில். படத்தில் சாவி கணவரின் கையில்! மனைவி மாலையை ஏந்தியபடி ஓரத்தில். கூடாரத்து அழகிக்கும் இந்த அம்மாவுக்கும் உடையில் வேறுபாடு உண்டு, மதிப்பில் வேறுபாடு உண்டு. படத்தில் நிற்கும் இடத்தில் வேறுபாடு இல்லை. (பெற்றோர்களே, கோபப்படுமுன் வீட்டுப் படத்தொகுப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.)

பெண்ணும் மகிழுந்தும் சேர்ந்த நல்ல படங்களே இல்லையா? இருக்கின்றன. 2015இல் நம் நாட்டுப் பந்தய ஓட்டுநர் லியோனா சின், ஒன்றும் தெரியாத கற்றுக்குட்டியைப்போல் நடித்து, ஓட்டுநர் பயிற்சியாளர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, திடீரென்று வண்டியைச் சுழற்றிக் காட்டிய காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆசான்கள் அலறிய அலறலை என் மாணவர்கள் நடித்தே காட்டுவார்கள். சென்னையின் அலிஷா அப்துல்லா விசையுந்திலும் மகிழுந்திலும் பந்தயம் ஓடியவர். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். 2023இல் கோவையில் தனியார்ப் பேருந்து ஓட்டிய சர்மிளாவின் படங்கள் ஊரெங்கும் பரவின. இவர்கள் படத்தைப் போட்டு 'படத்தைப் பார்த்து எழுதுக' என்றால் என் மாணவர்களுக்குத் தாள் போதவில்லை. சுக்கானைத் திருப்புகிறார், கண்ணாடியில் பின்னால் பார்க்கிறார், பயணிகளை ஏற்றுகிறார், வளைவில் வேகத்தைக் குறைக்கிறார்.

"சினிமாவில் இல்லாததா?" என்பார்கள். இருக்கிறது, அதற்கு வேறொரு நாள் கணக்குத் தீர்ப்போம். "ஆண் அழகர்களையும் நிறுத்திவிட்டால் சமமாகிவிடுமே" என்பது இன்னொரு வாதம். ஒருவரைப் பொருளாக்கும் தவற்றை இருவருக்கும் பங்கிட்டால் அதற்குப் பெயர் சமத்துவமா? "பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள்" என்பதை மட்டும் ஓர் ஆசிரியர் வாயிலிருந்து கேட்க எனக்குப் பொறுமையில்லை. பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்றால் நமக்கு எதற்குச் சம்பளம்?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் உணவுச் சந்தைக்கும் மகிழுந்து விற்பனையாளர்கள் கூடாரமும் பரிசும் தர முன்வருகிறார்கள். அவர்கள் பணம் நமக்குத் தேவைதான். தமிழ்ப்பள்ளியின் நிதிநிலை ஊரறிந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவர்களுக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: மகிழுந்துக்கு அருகே யாரை நிறுத்தினாலும் அவர் அந்த மகிழுந்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவராக, அதற்கெனக் கூலி பெறுபவராக இருக்கட்டும், அவர் பெயர் சட்டையில் தெரியட்டும். இதனால் எந்தப் பெண்ணுக்கும் வேலை போகாது; நிற்கும் வேலை பேசும் வேலையாகும். இந்த நிபந்தனையை நான் முன்மொழிந்தபோது கூட்டத்தில் ஒருவர், "டீச்சர், அப்புறம் அவங்க வரவே மாட்டாங்க" என்றார். வராவிட்டால் என்ன, நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம்.

வகுப்பறையில் நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இவ்வாண்டு ஒரு நிழற்படப் போட்டி வைத்திருக்கிறேன். தலைப்பு: மகிழுந்தும் மனிதரும். அம்மாவின் கைத்தொலைபேசியே போதும். விதிகள் மூன்று. படத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே இசைவு கேட்டிருக்க வேண்டும். அவர் யார் என்று படத்தின்கீழ் எழுத வேண்டும். 'அத்தை', 'பட்டறை மாமா' என்றாலும் போதும். அவர் என்ன செய்கிறார் என்று ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். 'நிற்கிறார்', 'சாய்கிறார்' என்னும் வினைகள் ஏற்கப்படா. இதுவரை பதினொரு படங்கள் வந்துள்ளன. ஒன்றில் ஒரு பாட்டி, மருமகள் ஓட்டும் மைவியின் பின்னிருக்கையில் தேங்காய்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். இன்னொன்றில் ஒரு தாய் மழையில் நனைந்தபடி முன்மூடியைத் திறந்து மின்கலத்தைப் பார்க்கிறார். படத்தை எடுத்த மகள் உள்ளே உலர்ந்த இடத்தில் இருந்திருக்கிறாள், கண்ணாடியில் நீர்த்துளிகள் தெரிகின்றன. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'என் அம்மா பேட்டரி கம்பியை முறுக்குகிறார்; அப்பா போனில் சொல்லிக்கொடுக்கிறார்; அம்மா கேட்கவில்லை.' மூன்று வாக்கியம், மூன்று பயனிலை. கடைசி வினைக்கு இரண்டு பொருள் உண்டு. எந்தப் பொருளில் எழுதினாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

மற்றப் பள்ளி ஆசிரியர்களும் இதை நடத்த விரும்பினால் தாராளமாக நடத்துங்கள். பரிசுக்கு நான் வைத்திருப்பது ஒரு தமிழ் அகராதி.